மூடிக்குள் சிவப்புக் கோடு

என் வண்டி ரயில் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்ட சங்கதியை நான் மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது என்றுதான் சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பிடித்த காரியமல்ல. ஆனால் எங்கள் வீட்டில் உண்மையைச் சொன்னால் அடுத்த வார்த்தை "அப்ப வூட்டோட கெட" என்பதுதான். அதனால் பொய்யையும் கொஞ்சம் பழகி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம். எனக்கு வேலை திண்டிவனத்தில், பத்திரம் டைப் அடிக்கிற ஒரு கடையில். தினமும் காலையில் என் மூன்று சக்கர வண்டியில் கிளம்புவேன். ஊரை விட்டு வெளியே வர ஒரு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். ரோடு அங்கே மேடேறித் தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கும். அன்று மேட்டில் ஏறும்போதே வண்டியில் இழுவை இல்லை. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக என்ஜின் கத்துகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. எப்படியோ தம் கட்டி ஏறி, முன்சக்கரம் தண்டவாளத்துக்குள் இறங்கியது. அதோடு சரி. முன்னாலும் போகவில்லை. ரிவர்ஸ் போட்டேன், பின்னாலும் வரவில்லை. கருகல் நாற்றம் மட்டும் வந்தது.

இறங்கி ஓட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது கால் பேருக்குத்தான் கால். இடது கால், காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டினால் தாங்கும். ஊன்றுகோல் இரண்டும் சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தன. அதை அவிழ்த்து, இறங்கி, நிதானம் பிடித்து நிற்க எனக்கு நல்ல நாளிலேயே ஐந்து நிமிடம் ஆகும். கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

கேட் கீப்பர் கையைக் காட்டிக்கொண்டே ஓடிவந்தார். பால் கேனோடு பைக்கில் வந்த ஒருவர் பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார். கேன் உருண்டு பால் ரோட்டில் ஓடியது. இரண்டு பேரும் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். முன்சக்கரம் தண்டவாளத்தின் விளிம்பில் இரண்டு முறை முட்டி, மூன்றாவது முறை ஏறி வெளியே வந்தது. ரயில் வந்தது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்பது அப்போது வரவில்லை. எல்லாம் முடிந்து பால்காரர் காலிக் கேனை எடுத்து நிமிர்த்தியபோதுதான் வந்தது.

"வூட்ல சொல்லிடாதீங்கண்ணா," என்றேன்.

"நான் சொல்லல. ஆனா இந்த வண்டிய இனிமே எடுக்காத," என்றார் பால்காரர். அவரும் வழியில் வந்த இன்னொருவரும் என்னைத் தெருவழியாக வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழிநெடுக வாசலில் நின்றவர்கள் எல்லாம் சாமி ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அந்த என்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் பிள்ளைகள் மணலில் ஓட்டி விளையாடக் குட்டி பைக்குகள் வைத்திருந்தார்களாம். பிட் பைக் என்பார்கள், இடுப்பளவுகூட இருக்காது. உப்புக்காற்றில் துருவேறிப் போனதும் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். என் தம்பி விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். காயலான் கடையில் கிடந்த அந்தக் குவியலில் ஒரு என்ஜினை மட்டும் தேர்ந்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். குவியலில் இருந்த மற்ற என்ஜின்களைப் போலத்தான் அதுவும். இதில் கூடுதலாக ரிவர்ஸ் கியர் இருந்தது.

"அக்கா, இதுல ரிவர்ஸ் கீது," என்றான்.

கால் உள்ளவர்களுக்கு ரிவர்ஸ் கியரின் அருமை தெரியாது. முதலில் நான் வைத்திருந்தது பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். முன்னால் போகும், பின்னால் வராது. முட்டுச்சந்துக்குள் போனால் யாராவது வந்து இழுத்துவிடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருமுறை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே இரண்டு கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பந்தி முடிந்து கார்க்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டு வரும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைத் தம்பியிடம் சொல்லி அழுதேன். அதற்கப்புறம்தான் இந்த என்ஜின் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, சட்டம் வெல்டிங் பண்ணி, நீலத்தில் ஒரு கூடு போட்டு, கியரைக் கையால் மாற்றும்படி ஒரு கம்பி இணைத்து, எனக்கென்றே அந்த வண்டியைக் கட்டினான்.

இந்த என்ஜினில் கிளட்சுக்குத் தனியாகப் பிடி கிடையாது. கியர் மாற்றும்போது கிளட்ச் தானே விட்டு, தானே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது என்ஜினின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும் ஸ்க்ரூவின் கையில் இருக்கிறது. அது நகராமல் இருக்க அதைச் சுற்றி ஒரு நட்டு. வண்டி கட்டி முடித்த அன்று தம்பி என் சிவப்பு நெயில் பாலீஷை எடுத்து, ஸ்க்ரூவின் தலையிலிருந்து நட்டு வழியாகக் கவர் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தான்.

"பட்டறைல இப்டிதான்க்கா அடையாளம் வைப்போம். கோடு நேரா இருந்தா யாரும் கை வைக்கலன்னு அர்த்தம்," என்றான். பிறகு மூடியைப் போட்டான். ஆறு வருடம் அதைத் திறக்கத் தேவையே வரவில்லை.

அந்த ஆறு வருடம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன்னால், ஸ்கூட்டர் ஓட்டிய சில மாதம் போக, பதினோரு வருடம் நான் வீட்டுக்குள் இருந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் உட்கார்ந்தவள்தான். ஜன்னல் கம்பி எத்தனை, எதிர்வீட்டு ஓடு எத்தனை என்று எனக்கு மனப்பாடம். வண்டி வந்த பிறகு திண்டிவனத்தில் மூன்று டீக்கடையில் எனக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று தெரியும். வறுத்த வேர்க்கடலை விற்கிற மல்லாட்டை வண்டிக்காரர் என்னைப் பார்த்தால் கேட்காமலே பொட்டலம் மடிப்பார். இதெல்லாம் ஒரு பெருமையா என்றால், ஆமாம், பெருமைதான்.

கேட் சம்பவத்தன்று சாயங்காலம் தம்பி பட்டறையிலிருந்து வந்தான். வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். என்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான்.

"பிளேட் தேஞ்சிடுச்சிக்கா. கிளட்ச் பிளேட்டு. சென்னைலேந்து வரணும். சொல்லி வைக்கிறேன்," என்றான்.

வரும் வரும் என்று முதல் வாரம் போனது. இரண்டாவது வாரம், அந்த அளவு கிடைக்கவில்லையாம், தேடிக்கொண்டிருக்கிறார்களாம். மயிலத்தில் இருக்கிற ஒரு மெக்கானிக்கை வரச்சொல்லிக் கேட்டேன். அவர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த என்ஜின்ல எல்லாம் நான் கை வைக்கறது இல்லம்மா. உன் தம்பியே பார்க்கட்டும்," என்று தொடாமலே போய்விட்டார்.

அந்த மூன்று வாரத்தில் நான் மறுபடியும் ஜன்னல்காரி ஆனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் மத்தியான வேளையில் வந்து உட்கார்ந்தார்கள். வேலை இல்லாமல் வீட்டில் கிடப்பவளைப் பார்த்தால் ஊருக்கே பாசம் பொங்குகிறது. "ஆட்டுக்கு வால அளந்துதான வச்சிக்கிறான் ஆண்டவன்," என்றாள் ஒருத்தி. என் வாலை அளக்க இவள் யார் என்று நினைத்துக்கொண்டு காபி கொடுத்தேன். அம்மாவோ சந்தோஷமாகவே இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. "நாலு நாளு வூட்ல கெடந்தா இன்னா கொறஞ்சி பூடுது? உன் மூஞ்சில இப்பதான் கொஞ்சம் களை வந்துக்கீது," என்றாள். சுடுசோறு போட்டாள். கேப்பைக் களியில் நெய் விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்ரூமுக்குப் போவதென்றால்கூட அம்மா எழுந்து கூடவே வந்தாள். ஆறு வருடமாக நானே போய்வந்த இடம் அது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை கடை ஓனர் போன் பண்ணினார். கெட்ட மனிதர் இல்லை. குரலை ரொம்ப இறக்கித்தான் பேசினார். "ஏம்மா, எனக்கும் வேற வழி இல்ல. பத்திரம் அப்டியே நிக்குது. திங்கக்கெழம வந்துட்டின்னா சரி. இல்லன்னா வேற பொண்ணு ஒண்ணு கேட்டுக்கினுகீது, வச்சிக்குறேன்."

ஆட்டோவில் போகலாமே என்று கேட்பார்கள். தினமும் போகவர ஆட்டோ வைத்தால் சம்பளமே ஆட்டோவுக்குத்தான். பஸ் படி எனக்கு ஏறாது. என் வண்டி ஓடினால் வேலை உண்டு. ஓடாவிட்டால் மறுபடி பதினோரு வருடம். அப்படித்தான் என் மனதில் இருந்தது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் தம்பி பட்டறைக்குப் போனதும் அம்மாவிடம் பழைய போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கி, தகரக் கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தேன். பிளேட் வரவில்லை என்றால், என்ன அளவு பிளேட் என்று நானே கழற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, திண்டிவனத்தில் தெரிந்த கடைக்கு அனுப்பிக் கேட்கலாம் என்பதுதான் திட்டம். போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். பேசுவது என்ன பாஷை என்றே புரியவில்லை. ஆனால் ஸ்பேனர் எல்லா பாஷையிலும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது.

ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெக்கானிக்குகள் எல்லாம் குத்துக்காலிட்டு, முதுகு வலிக்கக் குனிந்து செய்கிற வேலை இது. தரையில் உட்கார்ந்தால் என்ஜின் என் முகத்துக்கு நேரே இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே பழகியவளுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. இத்தனை நாள் இதைத் தம்பிக்கு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடியில் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்கினேன். அம்மா இட்லிமாவு கரைக்கும் பேசினை எடுத்து அடியில் வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் வாங்கிய திட்டு தனிக் கதை. வலப்பக்கக் கவரின் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க ஓர் அட்டையில் கவரை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு போல்ட்டைக் குத்தி வைத்தேன். கவர் லேசில் வரவில்லை. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தபோது ஆயில் ஒழுகாமலிருக்க நடுவில் வைத்திருந்த காகித பேக்கிங் கிழிந்து பாதி அங்கேயும் பாதி இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

உள்ளே கிளட்ச் இருந்தது. நான்கு போல்ட்டு, நான்கு ஸ்பிரிங். எடுத்ததும் பிளேட்டுகள் அடுக்கடுக்காகக் கையோடு வந்தன. கார்க் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் இரும்புப் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி. எண்ணெயைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேய்ந்த பிளேட் எப்படி இருக்கும் என்று வீடியோவில் காட்டியிருந்தார்கள். கார்க் வழித்தெடுத்ததுபோல மொட்டையாக, கருகி இருக்கும். என்னுடையதில் ஒரு பிளேட்டின் மேல் மட்டும் லேசாகப் பளபளப்பு. மற்றபடி வரிவரியாகக் கார்க் அப்படியே இருந்தது. இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட வளையவில்லை.

நான் முட்டாள், ஏதோ தெரியாமல் பார்க்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி பார்த்துச் சொன்னவன். இரும்பு விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு வேறு பேச்சு கிடையாது. பிறகு, அவன் கவரைக் கழற்றவே இல்லையே என்று யோசித்தேன். கழற்றியிருந்தால் பேக்கிங் அன்றைக்கே கிழிந்திருக்கும். கழற்றாமலே பிளேட் தேய்ந்தது என்று எப்படிச் சொன்னான்? சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன். பேக்கிங்குக்கு அட்டை வேண்டும். அலமாரியில் கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம், "நீ எதுக்கும்மா கஷ்டப்பட்டுக்கினு, எல்லாரும் வரட்டும், நீ மனசார வாழ்த்திடு," என்று சொன்னவர்கள். அதைக் கவரின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, விழுந்த தடத்தின் மேலேயே கத்தரித்து, ஓட்டைகள் போட்டு, எண்ணெய் தடவி உட்கார வைத்தேன். மணமகன் பெயர் உள்பக்கம் போய்விட்டது. மனசார வாழ்த்தினேன்.

அட்டையில் குத்தி வைத்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, ஆயிலை ஊற்றியாயிற்று. கடைசியாகக் கிளட்ச் ஸ்க்ரூவைச் சரிபார்க்க வேண்டும் என்று வீடியோவில் காட்டினார்கள். அந்தச் சின்ன மூடியைத் திருகி எடுத்தேன்.

சிவப்புக் கோடு மூன்று துண்டாக இருந்தது. கவரில் இருந்த துண்டு ஒரு பக்கம், நட்டில் இருந்த துண்டு ஒரு பக்கம், ஸ்க்ரூவின் தலையில் இருந்தது நேர் எதிர்ப்பக்கம்.

ஓடுகிற அதிர்வில் தானாக நகர்ந்திருக்கும் என்று நினைத்து நட்டில் ஸ்பேனரை வைத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன், அசையவில்லை. கடைசியில் உடம்பையே அதன்மேல் சாய்த்தபோதுதான் கிறீச்சென்று விட்டது. தானாகத் தளர்ந்த நட்டு தானாக இறுகிக்கொள்ளாது. யாரோ நட்டைத் தளர்த்தி, கிளட்ச் பிடிக்காதபடி ஸ்க்ரூவைத் திருப்பி, மறுபடியும் நட்டைப் பலமாக இறுக்கியிருக்கிறார்கள். இந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான்.

அந்த மத்தியானத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாம் என்றேன். கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை கால் எல்லாம் அவன்தான் என்று இருந்தேன். அப்படி இருந்தவன் எனக்கே விலங்கு பூட்டியிருக்கிறான். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் வந்து, என் முகத்தைப் பார்த்து, பிளேட் வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். அதற்காக அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு அழுகை நின்றுவிட்டது.

சாயங்காலம் அவன் பைக் வந்து நின்றது. கொட்டகையில் என்னையும் ஸ்பேனரையும் பேசினையும் பார்த்தான்.

"என்னக்கா பண்ற?"

"உள்ள போயி என் நெயில் பாலீஷ எடுத்துக்கினு வாடா. செவப்பு."

அவன் உள்ளே போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூடி திறந்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

"உன்ன கஷ்டப்படுத்தணும்னு செய்லக்கா," என்றான்.

"அப்ப எதுக்குடா செஞ்ச?"

"தெருமொனைய தாண்டாதுன்னு நெனச்சேன். கெளம்பும்போதே நின்னுடும்னு நெனச்சேன்."

"தாண்டிச்சி. கேட் வரிக்கும் போச்சி. தண்டவாளத்து மேல நின்னுச்சி. மணி அடிக்குது, முன்னாலயும் போவல, பின்னாலயும் வரல. பால்காரரு பைக்க போட்டுட்டு ஓடியாந்து தள்ளலன்னா, நான் இன்னிக்கி இங்க உக்காந்துகினு இருக்க மாட்டேன்."

மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்ததை இப்படிக் கல்லெறிகிற மாதிரி எறிவேன் என்று நானே நினைக்கவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அம்மா வாசலில் வந்து நின்றவள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பிறகு சொன்னான். வண்டி நின்றதற்கு முந்தின நாள் காலையில் பட்டறைக்குப் போகும்போது கூட்டேரிப்பட்டு தாண்டி ரோட்டில் கூட்டமாம். லாரிக்குக் கீழே ஒரு மூன்று சக்கர வண்டி. நீலக் கூடு.

"உன்னுது மாதிரியே கூடுக்கா. நீ வடக்கால போறவ, நான் தெக்கால போறேன், அங்க நீ எப்பிடி இருப்பன்னுகூட எனக்குத் தோணல. பைக்க போட்டுட்டு ஓடினேன். கூட்டத்த இடிச்சிக்கினு உள்ள போனா, அது யாரோ ஒரு ஆளு. ஆம்பள." சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சிக்கா. அங்க ஒருத்தரு செத்துக் கெடக்கறாரு, எனக்கு சந்தோஷம். அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. போன் அடிச்சா எடுக்கவே பயமா கீது. நான்தான கட்டிக் குடுத்தேன் அந்த வண்டிய. மறுநா காலைல நீ குளிக்கப் போனப்ப அந்த ஸ்க்ரூவ திருப்பி வுட்டேன்."

"நல்லதுக்குத்தான செஞ்சிக்கிறான்," என்றாள் அம்மா.

"எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்றீங்க," என்றேன். "பயமா இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. பேஜாரு பண்ணாம மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல. நான் சண்ட போட்டிருப்பேன். போட்டாலும் தெரிஞ்சிருக்கும் எனக்கு, என் வண்டிக்கு இன்னா ஆச்சின்னு."

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். கையை நீட்டி, "குடுக்கா, நான் சரி பண்ணித் தரேன்," என்று ஸ்க்ரூடிரைவரைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. அவனுக்கு அது வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் கொடுக்கவில்லை.

ஸ்க்ரூவை நானே திருப்பினேன். முதலில் இலகுவாகப் போனது. ஓர் இடத்தில் எதையோ தொட்டதுபோல விரலில் தெரிந்தது. "தொட்டுச்சா?" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "அங்கேர்ந்து அரைக்கால் சுத்து திருப்பி வுடு. அதுக்கு மேல வாணாம்." எனக்கே தெரியும், வீடியோவில் பார்த்திருந்தேன். ஆனாலும் அவன் சொன்னபடிதான் திருப்பினேன். ஸ்க்ரூவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். அம்மாதான் உள்ளே போய் நெயில் பாலீஷைக் கொண்டுவந்தாள். காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. குச்சியால் தொட்டுப் புதுக்கோடு இழுத்தேன். கெட்டியான பாலீஷ் இழுபட்டதால் அது கோணலாகத்தான் வந்தது.

ஸ்டார்ட் பண்ணிக் கியர் போட்டேன். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி நகர்ந்தது. ரிவர்ஸ் போட்டேன். சொன்ன பேச்சுக் கேட்டுப் பின்னால் வந்தது. பத்திரிகை பேக்கிங்கில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அம்மா சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டாள். கேட்டில் மேடேறும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தேன். வண்டி ஏறித் தண்டவாளத்தைக் கடந்து இறங்கியது. கேட் கீப்பர் பார்த்துக் கையைத் தூக்கினார். மெயின் ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நூறடி விட்டு என் தம்பியின் பைக். விழுப்புரத்துக்குப் போக வேண்டியவன் திண்டிவனத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தான். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வந்தான். நான் வேகம் எடுத்தால் அவனும் எடுத்தான்.

திண்டிவனம் நெருங்கும் இடத்தில் சர்வீஸ் ரோட்டில் ஓரங்கட்டினேன். அவனும் தள்ளி நின்றுகொண்டு போனைப் பார்ப்பதுபோல நடித்தான். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். ஓரமாகவே பின்னால் ஓட்டிக்கொண்டு போய், அவன் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். ரிவர்ஸ் இல்லாத பைக்கின் மேல், தரையில் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உனக்கு வேலைக்கு நேரம் ஆவுல?"

"இன்னிக்கி மட்டும்க்கா. கட வரிக்கும்."

"இன்னிக்கி வந்தா நாளைக்கும் வருவ. போ."

அவன் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "ரிவர்ஸ் நல்லா புடிக்குது," என்றான். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். கண்ணாடியில் அவன் மறைகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

வேலை போகவில்லை. அவன் மேல் கோபமும் இப்போது இல்லை. பழையபடி பேசுகிறோம், சண்டை போடுகிறோம். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன், அவன் கேட்காமலே. ஆனால் தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன், கொட்டகையில் தரையில் உட்கார்ந்து, அந்த மூடியைத் திருகித் திறந்து, கோணல் கோடு கோணலாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அவன் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் மூடியை மூடிவிட்டு வண்டியை எடுக்கிறேன்.